பழைய கம்ப்யூட்டர்: பார்ட்ஸ் மாற்றுவதா, புதிது வாங்குவதா?



விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் இலவசமாக அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. அதிலிருந்து நம் காட்பாடி, வேலூர் வட்டாரத்தில் இரண்டு கடைக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் துவரம் பருப்பு விலைக்கு அடுத்தபடியாக இந்தப் பேச்சுதான். விற்பவர்கள் "எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். நம்மவர்களில் பாதிப்பேர் "ஓடுகிற வரையில் ஓடட்டும்" என்கிறார்கள். இதற்கு நடுவில், வீட்டில் பிளஸ் டூவோ என்ஜினீயரிங்கோ படிக்கும் பிள்ளை, தன்னுடைய கேமிங் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, புதிய ஆட்டங்கள் ஓடவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

இதற்கு நம் வீடுகளில் வழக்கமாக ஒரு தீர்வு உண்டு. பிள்ளைக்குப் புதியது வாங்கிக் கொடுத்துவிட்டு, பழைய கேமிங் கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோய் பில் போட வைத்துவிடுவார்கள். ஒரே செலவில் இரண்டு வேலை முடிந்தது என்று திருப்தி. கல்லாவுக்குப் பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டிகள் உட்கார்ந்து அரிசிக்கும் எண்ணெய்க்கும் பில் அடித்துக்கொண்டிருப்பதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். இந்த வழக்கம் தலைகீழானது என்பது என் கருத்து. விளையாட்டுக்கு ஆகாத பெட்டி கடைக்கு ஆகும் என்று நினைக்கிறோம். உண்மையில் கடைக்கு ஆகாத பெட்டிதான் விளையாட்டுக்கு இன்னும் சில காலம் ஆகும்.

நான் நாற்பது வருஷமாக அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. ஆனால் பழைய லாரிக்கு என்ஜின் வேலை பார்த்து ஓட்டுவதா, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிது எடுப்பதா என்ற கணக்கைப் பலமுறை போட்டிருக்கிறேன். இதுவும் ஏறக்குறைய அதே கணக்குதான். என் இளைய மகன் படிக்கும்போது 2017-இல் வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று இப்போது பேரன் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு விசாரித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

(கேமிங் என்றதும் பணம் வைத்து ஆடும் ரம்மியை நினைத்துப் பயப்படவேண்டாம். அந்த வகைப் பண ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்து தடை செய்துவிட்டது. நான் பேசுவது கார் ஓட்டும், கிரிக்கெட் ஆடும், சுட்டுத் தள்ளும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி. அதனால் போவது நேரமும் மின்சாரமும்தான்.)

எஃப்.சி. முடிந்த லாரி

விண்டோஸ் 10 நின்றுபோனது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டால் அது வழக்கம்போல எழுந்து நிற்கும். அதுதான் சிக்கலே. எஃப்.சி. முடிந்த லாரியும் அப்படித்தான். என்ஜின் இழுக்கும், பிரேக் பிடிக்கும், ஆனால் சரக்கை ஏற்றி ரோட்டில் விடலாமா என்பது வேறு கேள்வி.

2017 மே 12-ஆம் தேதி 'வான்னாகிரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியதை நம்மில் பலர் செய்தியில் படித்திருப்போம். கம்ப்யூட்டரில் உள்ள கணக்குகளையெல்லாம் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பணம் கட்டு என்று திரையில் எழுதிக் காட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்து ஆந்திராவில் காவல்துறையின் கம்ப்யூட்டர்கள் சிலவும் மாட்டின. இதில் கவனிக்க வேண்டியது தேதி. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே வருஷம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டுவிட்டது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்களும், திருத்தமே வராத பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களும் அகப்பட்டார்கள். இப்போது விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் அந்த இரண்டாவது வரிசைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தனிநபர்களுக்கு ஓராண்டு அவகாசம், அதாவது 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும் என்று 2025-இல் அறிவித்தார்கள். அதற்கும் தானாக வராது; நாம்தான் பதிந்துகொள்ள வேண்டும். நிறுவனங்களுக்கென்றால் முதல் வருஷம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், அடுத்த வருஷம் அதைப்போல் இரண்டு மடங்கு, அதற்கடுத்தது மறுபடியும் இரண்டு மடங்கு. கந்துவட்டிக்காரன்கூட இந்த வேகத்தில் ஏற்றமாட்டான்.

சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் பழைய பெட்டிகள் தடுக்கி விழுகின்றன. இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும், ஏ.எம்.டி. என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல்தான். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எங்கள் வீட்டுப் பெட்டி 7-ஆம் தலைமுறை ஐ5. நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். போடவும் முடியும். ஆனால் அப்படிப் போட்ட பெட்டிக்குத் திருத்தம் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது. வீட்டுப் பெட்டியில் அதைச் செய்து பார்க்கலாம். பேரேடு இருக்கும் பெட்டியில் செய்யக்கூடாது.

கடைக்கு எவ்வளவு பெட்டி வேண்டும்?

நம் கடையில் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பில் போடுகிறது, இருப்பு காட்டுகிறது, ஜி.எஸ்.டி. கணக்குக்கு விவரம் எடுத்துத் தருகிறது. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும், அதையும் செய்கிறது. இவை எதற்கும் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. எட்டு ஜி.பி. ராம், ஒரு சின்ன எஸ்.எஸ்.டி., சாதாரணமான புதிய பிராசஸர் இருந்தால் தாராளம். உள்ளங்கை அகலப் பெட்டிகளே இப்போது வருகின்றன. திரைக்குப் பின்னால் திருகி மாட்டிவிட்டால் கல்லா மேஜையில் இடமும் மிச்சம். பெரிய கேமிங் பெட்டியை அங்கே வைப்பது, கடைக்கு எதிரே உள்ள ஓட்டலுக்கு இரண்டு மூட்டை போட லாரி எடுப்பதைப் போன்றது. மின்சாரத்தைத் தின்னும், யு.பி.எஸ். பத்து நிமிஷம்கூடத் தாங்காது.

தூசியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாலு ஃபேன் வைத்த பெட்டி காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அரிசிக் கடையில் தவிட்டுத் தூசி, மளிகைக் கடையில் மிளகாய்த் தூளும் மைதாவும். வீட்டில் இரண்டு வருஷத்தில் சேரும் அழுக்கு கடையில் மூன்று மாதத்தில் சேர்ந்துவிடும். ஃபேன் குறைவாக உள்ள சின்னப் பெட்டியை மேஜைக்கு மேலே, தரையைவிட்டு உயரத்தில் வைத்தால் அதிக நாள் உழைக்கும்.

இனி கணக்கு. விலைகளை உதாரணத்துக்காகச் சொல்கிறேன். வாங்கும் நாளில் நீங்கள் நாலு இடத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

வழக்கமான முறைப்படி பிள்ளைக்குப் புதிய கேமிங் பெட்டி 90,000 ரூபாய், கடைக்குப் பழைய பெட்டி இனாம். மொத்தம் 90,000. என் முறைப்படி கடைக்குப் புதிய சின்னப் பெட்டி 30,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,400. பழைய கேமிங் பெட்டிக்குத் தேவையான பார்ட்ஸ் வரியோடு சேர்த்து 30,000. மொத்தம் 65,400. ரெகுலர் முறையில் பதிவு செய்தவர்கள் கடைப் பெட்டிக்குக் கட்டிய 5,400-ஐ இன்புட் எடுத்துக்கொள்ளலாம், ஆக 60,000. முதல் முறையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த கடைப் பெட்டி பாதுகாப்பு முடிந்த பெட்டி. அதை இன்றோ நாளையோ மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது மறுபடி 30,000. வித்தியாசம் இரட்டிப்பாகிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். பிள்ளையின் கேமிங் பெட்டியைக் கடைப் பெயரில் பில் வாங்கி இன்புட் எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு இன்புட் கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கிராபிக்ஸ் கார்டு பில்லை மளிகைக் கடைக் கணக்கில் பார்க்கும் அதிகாரி, அது எதற்கு என்று கேட்காமல் போகமாட்டார். தேய்மானமும் அப்படியே. வருமான வரிக்குக் கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம் உண்டு. 30,000 ரூபாய்ப் பெட்டி முதல் வருஷம் 18,000, அடுத்த வருஷம் 10,800 என்று இறங்கும். 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்திருந்தால் அந்த வருஷம் பாதிதான். இதெல்லாம் கடையில் இருக்கும் பெட்டிக்கு. காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு இன்புட் இல்லை. உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்குத் தேய்மானம் தனியாக இல்லை. அவர்களுக்கு 35,400 என்றால் 35,400-தான். அதற்குத் தகுந்தபடி இன்னும் சின்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் எங்கே நிற்கிறது?

இப்போது பிள்ளையின் பெட்டிக்கு வருவோம். "ஸ்லோவாக இருக்கிறது" என்று அவன் சொன்னதும் கடைக்காரரிடம் கொண்டுபோனால், அவர் தன்னிடம் என்ன இருப்பு இருக்கிறதோ அதைத்தான் மாற்றச் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாமும் பழைய இருப்பைத்தானே முதலில் எடுத்து நீட்டுகிறோம்?

முதலில் காசு செலவில்லாத வேலை. பெட்டியைத் திறந்து தூசி ஊதி, பிராசஸர் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். மே மாதத்து வேலூர் வெயில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் அடைத்துக்கொண்ட ஃபேனோடு ஓடும் பிராசஸர், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டிக்கு வயசாகிவிட்டது என்று நாம் நினைப்போம். அதற்குப் புழுக்கம்தான் வந்திருக்கும். அப்படியே மதர்போர்டில் உள்ள நாணயம் அளவுப் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போகும். விளையாட்டுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. கடைப் பெட்டியில் நடந்தால் இன்றைய பில்லில் ஐந்து வருஷத்துக்கு முந்தைய தேதி விழும்.

அடுத்து, கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தீபாவளி நேரத்தில் நம் கடையில் நெரிசல் என்றால் தராசடியில் நிற்கிறதா, பொட்டலம் கட்டுமிடத்தில் நிற்கிறதா, கல்லாவில் நிற்கிறதா என்று பார்த்துத்தானே அங்கே ஓர் ஆளைப் போடுகிறோம்? கல்லாவில் நெரிசலை வைத்துக்கொண்டு தராசடியில் இரண்டு ஆள் சேர்த்தால் சம்பளம்தான் தண்டம். விளையாட்டு ஓடும்போது விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கிராபிக்ஸ் கார்டு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தால் நெரிசல் அங்கே. கார்டு அறுபதில் சும்மா நிற்க, பிராசஸர் முழுக்க நிரம்பியிருந்தால் நெரிசல் பிராசஸரில். ராம் நிரம்பி வழிந்தால் ராம். டிஸ்க் நூறில் நின்று, ஆட்டம் திறக்கவே ஐந்து நிமிஷம் ஆனால் டிஸ்க். பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

எங்கள் பெட்டியில் நெரிசல் டிஸ்க்கிலும் ராமிலும் இருந்தது. சுற்றும் தட்டு வைத்த பழைய ஹார்ட் டிஸ்க், எட்டு ஜி.பி. ராம். 2024-இல் ஒரு எஸ்.எஸ்.டி.யும் இன்னோர் எட்டு ஜி.பி. ராமும் போட்டதில் ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பேரன் கேட்டது புது கிராபிக்ஸ் கார்டு. உள்ளே இருக்கும் ஜி.டி.எக்ஸ். 1060 கார்டு அவன் ஆடும் ஆட்டங்களுக்கு இன்னும் ஈடுகொடுக்கிறது என்பதை டாஸ்க் மேனேஜரே அவனுக்குக் காட்டிவிட்டது. நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டான்.

ராம் விலை

அன்று இருந்த ராம் விலை இன்று இல்லை. 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தால் நம் துவரை, உளுந்தெல்லாம் சாது. காரணம் மொத்த வியாபாரிக்குச் சட்டென்று புரியும். உலகத்தில் இந்தச் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே ஆலைக்காரர்கள். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கூடங்கள் லோடு லோடாக, முன்பணம் கட்டி, நல்ல விலையில் எடுக்கின்றன. ஆலைக்காரன் சில்லறை வியாபாரிக்கு எதற்கு அரைப்பான்? மைக்ரான் கம்பெனி 'குரூஷியல்' என்ற பெயரில் சில்லறைக்கு விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. டி.டி.ஆர். 4 என்ற பழைய வகையை ஆலைகள் குறைத்துக்கொண்டு வந்ததால் அதுவும் விலை ஏறியது.

இதனால் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது? புதுப் பெட்டி வாங்கினால் அதற்குள் இருக்கும் ராமுக்கும் இன்றைய விலை. பழைய பெட்டியில் ஏற்கெனவே பதினாறு ஜி.பி. இருந்தால் அது வீட்டில் இருக்கும் பழைய அரிசி மூட்டை மாதிரி, வாங்கிய விலையைவிட மதிப்பு கூடியிருக்கும். பெட்டியை வைத்துக்கொள்வதற்கு இது ஒரு நல்ல காரணம். தெரியாதவர்கள் பழைய பெட்டியை மொத்தமாக எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குபவர் முதலில் கழற்றுவது ராமைத்தான்.

எதை மாற்றலாம், எங்கே நிறுத்த வேண்டும்

நெரிசல் கிராபிக்ஸ் கார்டில்தான் என்று தெரிந்தால் கார்டை மாற்றலாம். அதற்கு முன் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பாருங்கள். மொத்தப் பெட்டிக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுப்பது அதுதான். அசெம்பிள் செய்யும்போது பலர் அதில்தான் மிச்சம் பிடித்திருப்பார்கள். கார்டுகள் தின்னும் மின்சாரம் பலவிதம்: பழைய ஜி.டி.எக்ஸ். 1060-க்கு 120 வாட், ஆர்.டி.எக்ஸ். 3060-க்கு 170, அதற்குப் பிறகு வந்த 4060-க்கு 115. புதியது என்றால் அதிகம் தின்னும் என்பதும் இல்லை. வாட் கணக்கைக் கேட்டு, பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். இருந்தால் அதையும் மாற்றுகிற செலவைச் சேர்த்துப் பாருங்கள். நம் பக்கத்து வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தனியாகப் போகாது, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

நாலு கோர் உள்ள பழைய பிராசஸருக்கு மேல் உயர்ந்த விலைக் கார்டைப் போடுவதும் வீண். மாட்டு வண்டிக்கு லாரி டயர் போட்ட கதைதான். நடுத்தரமான கார்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிராசஸரையே மாற்ற வேண்டும் என்று வந்தால் நிதானிக்க வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகை போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017-இல் ரைசன் வந்தபோது வாங்கிய போர்டுகளில் பலவற்றில், பயாஸ் திருத்தம் போட்டுக்கொண்டு, 2022-இல் வந்த பிராசஸர்கூட உட்காருகிறது. இன்டெல் அப்படியில்லை. 7-ஆம் தலைமுறைக்கும் 8-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றுதான், எல்.ஜி.ஏ. 1151. ஆனால் பழைய போர்டில் புதியதை வைத்தால் ஓடாது. ஒரே அளவு டப்பா, மூடி மட்டும் மரை சேராதது போல. பிராசஸர் மாற்றினால் போர்டும் மாற்ற வேண்டும். போர்டு டி.டி.ஆர். 5 வகை என்றால் ராமும் போயிற்று, அதுவும் இன்றைய விலையில். என் அளவுகோல் இதுதான்: ஒரு பார்ட்டை மாற்றி நோய் தீருமென்றால் மாற்றலாம். பிராசஸர், போர்டு, ராம் மூன்றும் சேர்ந்து போக வேண்டுமென்றால் அந்தப் பெட்டியில் இனிப் பணம் போடக்கூடாது. லாரியில் சேஸிஸ் போன பிறகு பாடி கட்டுவதில்லை அல்லவா?

கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. கிராபிக்ஸ் சிப் போர்டோடு ஒட்டவைத்தது. எஸ்.எஸ்.டி., சிலவற்றில் ராம், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வியைப் பிள்ளையிடமே கேட்க வேண்டும்: என்ன ஆட்டம் ஆடப்போகிறாய்? ஏமாற்று வேலையைத் தடுப்பதற்காகச் சில ஆட்டங்கள் இப்போது கம்ப்யூட்டரின் பாதுகாப்பு வசதியையே சோதிக்கின்றன. 2025 அக்டோபரில் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 6' செக்யூர் பூட் இல்லாத பெட்டியில் ஓடாது. 'வாலரன்ட்' விண்டோஸ் 11-இல் டி.பி.எம். 2.0 கேட்கிறது. ஆட்டங்களை விற்கும் 'ஸ்டீம்' கடையே 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கும் அப்படி ஒரு நாள் வரத்தான் போகிறது. பழைய கார்டுகளுக்கும் ஆயுள் எழுதியாகிவிட்டது. ஜி.டி.எக்ஸ். 1060 உள்ள வரிசைக்குப் புதிய ஆட்டங்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிகிறது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை என்று என்விடியா அறிவித்தது. ஆகையால் பிள்ளை ஆடுவது ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஆட்டம் என்றால் பழைய பெட்டி போதும். புதிது புதிதாக வருவதையெல்லாம் ஆட வேண்டுமென்றால் பார்ட்ஸ் மாற்றுவது தவணையில் பணத்தை விடுவதுதான். சேர்த்துவைத்து ஒரே தடவையில் புதிது வாங்கட்டும்.

பழைய பெட்டி வீட்டில் விளையாட்டுக்கு இருக்கும் வரை அதில் பேங்க் வேலை, ஜி.எஸ்.டி. போர்ட்டல், கடை மெயில் எதுவும் கூடாது. காசு கொடுக்காமல் இறக்கும் திருட்டு ஆட்டங்களோடு வைரஸும் சேர்ந்து வரும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். அங்கே வைரஸ் வந்தால் போவது ஆட்டத்தின் ஸ்கோர். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். கடைப் பெட்டியில் வந்தால் போவது பாக்கிக் கணக்கு. நம்மிடம் கடன் வாங்கியவர்களின் ஞாபகசக்தியை நம்பி வசூலுக்குப் போக வேண்டியிருக்கும்.

கேமிங் பெட்டி 8-ஆம் தலைமுறைக்கு மேற்பட்டது, விண்டோஸ் 11 முறையாக ஏறுகிறது என்றால் அதைக் கடைக்கு எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி விற்றுவிட்டு (பிராசஸரிலேயே திரைக்கான வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு), புது எஸ்.எஸ்.டி. போட்டு, எல்லாவற்றையும் அடியோடு அழித்துப் புதிதாக ஏற்றிக் கொண்டுவர வேண்டும். பழைய விண்டோஸோடு, பழைய ஆட்டங்களோடு அப்படியே தூக்கிவந்து டேலியை மட்டும் போட்டுக்கொள்வது கூடாது.

பழைய சரக்கு

நம் ஊரில் வி.ஐ.டி. இருப்பதால் பழைய சரக்கு வாங்க ஒரு வசதி உண்டு. படிப்பு முடித்து வடநாட்டுக்குத் திரும்பும் மாணவன் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஏற விரும்பமாட்டான். கோடையில் விசாரித்தால் நல்ல கார்டுகள் நியாயமான விலைக்குக் கிடைக்கும். வாங்கும் முன் அரை மணி நேரம் கனமான ஆட்டத்தை ஓடவிட்டுச் சூடு எவ்வளவு ஏறுகிறது, ஃபேன் சத்தம் போடுகிறதா என்று பாருங்கள். சீரியல் நம்பரை வைத்து வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதற்காக இரவும் பகலும் ஓடிய கார்டுகள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன. அவையெல்லாம் கெட்டவை என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்குண்டான விலைதான் கொடுக்க வேண்டும். பில் இல்லாத சரக்கு என்றால் விற்பவரின் கையெழுத்தோடு ஒரு சீட்டும் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுச் சரக்கு வாங்கிய வழக்கில் வியாபாரி மாட்டுவது நமக்குப் புதிதல்ல.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் ராம், கார்டு, எஸ்.எஸ்.டி.யின் சீரியல் நம்பர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக்காரரின் பெட்டி பதினாறு ஜி.பி.யோடு போய் எட்டு ஜி.பி.யோடு திரும்பி வந்தது. எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. நிரூபிக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, எதற்கும் ஆகாமல் போன பெட்டி. காயலான் கடையில் எடைக்குப் போட்டால் சில ரூபாய் வரும். போர்டில் ஈயம் இருக்கிறது, எரித்துச் செம்பு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தோல் ஷாப்புக் கழிவைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது நம் வேலூர் மாவட்ட வழக்கில்தான். பாலாற்று மண்ணுக்கு வேறு விஷம் எதுவும் சேர்க்க வேண்டிய அவசியமில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். ஒருவர் ஒரு பெட்டிக்காக அலைய முடியாது. நம் சங்கமே வருஷத்துக்கு ஒருமுறை உறுப்பினர்களிடமிருந்து சேகரித்து மொத்தமாக அனுப்ப ஏற்பாடு செய்யலாம் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டியை யாருக்குக் கொடுத்தாலும், கடைக்கணக்கு இருந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு கொடுங்கள். ஜி.எஸ்.டி. கணக்குகளை, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25-ஆம் ஆண்டுக்கு அந்தக் கடைசித் தேதி 2025 டிசம்பர் 31. ஆக அந்த வருஷத்துக் கணக்கு 2031 டிசம்பர் 31 வரை கேட்டால் காட்டும்படி இருக்க வேண்டும். பழைய டிஸ்க்கை மட்டும் நம்பாமல் இன்னொரு டிஸ்க்கிலும் நகல் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டு பீரோவிலும் வையுங்கள். மேலே எந்த வருஷத்துக் கணக்கு என்று மார்க்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.